50 ஓமும் மேட்சிங் பிளவுஸும்

எங்கள் வீட்டில் "மேட்சிங்" என்ற சொல்லுக்கு இருபது வருடமாக ஒரே அர்த்தம்தான். புடவையைப் பையில் போட்டுக்கொண்டு கடைக்குப் போவது, பிளவுஸ் துணியை வெளியே வெயிலுக்குக் கொண்டுவந்து பார்ப்பது, "இது ஒரு பொட்டு டார்க்கா இருக்கே" என்று மறுபடி உள்ளே போவது, பதினேழாவது துணியில் முடிவுக்கு வருவது. ஆகவே போன ஆடித் தள்ளுபடி சமயத்தில் நான், "ஒரு மேட்சிங் பாக்ஸ் வாங்கணும்" என்று சொன்னபோது மனைவி முகத்தில் அப்படியொரு வெளிச்சம். என்னையும் ஒரு மனுஷனாக மதித்துக் கைப்பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள். நான் வண்டியைத் தி.நகர் பக்கம் விடாமல் எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி தெருப் பக்கம் திருப்பியதும் அந்த வெளிச்சம் அணைந்தது. அப்புறம் அந்த முகத்தில் அதை நான் பார்க்கவில்லை.

பின்னணி இதுதான். நாற்பத்தெட்டாம் வயதில், ஒத்த வயதுக்காரர்கள் சர்க்கரைக்கும் ரத்தக் கொதிப்புக்கும் மாத்திரை வாங்கிக்கொண்டிருந்தபோது, நான் அமெச்சூர் ரேடியோ தேர்வு எழுதித் தேறினேன். மோர்ஸ் தட்டத் தெரியாதவர்களுக்கான கீழ்ப்பிரிவு உரிமம். அழைப்புக்குறி வியூ3 என்று தொடங்கும். 50 வாட் வரை அனுமதி. ஸ்டோர் ரூமில் அரிசி டிரம்முக்கும் பழைய மிக்ஸிக்கும் நடுவே ஒரு மேஜை போட்டு நிலையத்தைத் திறந்தேன். முதல் நாளே ஒரு தவறு செய்தேன். இந்தப் பொழுதுபோக்கில் ஆண்களை எத்தனை வயதானாலும் "ஓல்ட் மேன்" என்பார்கள், பெண்களை "யங் லேடி" என்பார்கள், கல்யாணம் ஆகிவிட்டால் அதே யங் லேடி "எக்ஸ் யங் லேடி" ஆகிவிடுவாள் என்று சாப்பிடும்போது சுவாரசியமாக விளக்கினேன். அடுத்த இரண்டு நாள் வீட்டில் வெறும் ரசம்தான்.

ரேடியோவை யார் வேண்டுமானாலும் காசு கொடுத்து வாங்கிவிடலாம். ஆன்டெனாவைத்தான் கட்டவேண்டும். கட்டுவதும் கஷ்டமில்லை என்றுதான் புத்தகம் சொன்னது. 468-ஐ மெகாஹெர்ட்ஸால் வகுத்தால் எத்தனை அடிக் கம்பி என்று வரும். 7.1 மெகாஹெர்ட்ஸுக்கு 66 அடி. நடுவில் வெட்டி இந்தப் பக்கம் 33, அந்தப் பக்கம் 33. வெட்டிய இடத்தில் கேபிளை இணைத்தால் டைபோல் தயார். எங்கள் மொட்டைமாடியோ 24க்கு 32 அடி. மூலைக்கு மூலை அளந்தால் சரியாக 40. பள்ளிக்கூடத்தில் பித்தாகரஸ் எதற்கு என்று கேட்டு வாத்தியாரிடம் அடி வாங்கியவன் நான். முப்பத்தைந்து வருடம் கழித்து மாடியில் டேப்போடு உட்கார்ந்து அவரை நினைத்துக்கொண்டேன்.

வழி இருந்தது. நடுவில் 20 அடி ஜி.ஐ. பைப்பை நிறுத்தி, கம்பியை உச்சியிலிருந்து இரண்டு எதிர்மூலைகளுக்கும் கூடாரம்போல இறக்கினால் ஒரு பக்கத்துக்கு 28 அடி போகும். மிச்சம் 5 அடியைக் கைப்பிடிச் சுவருக்கு வெளியே தொங்கவிடலாம். தலைகீழ் 'வி' என்பார்கள். இதில் ஒரு லாபமும் உண்டு. வெட்டவெளியில் நேராகக் கட்டிய டைபோலுக்கு மின்மறுப்பு 73 ஓம். ரேடியோவும் கேபிளும் 50 ஓம். கைகளைக் கீழே இறக்கினால் 73 இறங்கி 50 பக்கம் வந்துவிடும். மனிதர்களும் அப்படித்தான் என்று எழுதத் தோன்றுகிறது, வேண்டாம்.

பைப் நிறுத்திய அன்று பக்கத்து வீட்டுக்காரர் வந்து, "இடிதாங்கியா சார்?" என்றார். "ரேடியோ" என்றேன். "மொபைல்ல வருமே சார்" என்றார். அதற்கு இன்றுவரை என்னிடம் பதில் இல்லை.

இனி ஓர் ஊசியைப் பற்றிச் சொல்லவேண்டும். எஸ்.டபிள்யூ.ஆர். மீட்டர் என்று ஒரு சின்னப் பெட்டி. கல்யாணப் பந்தியில் நாம் ஒரு கரண்டி சாம்பார் ஊற்ற, இலைக்காரர் அதில் பாதியை அள்ளித் திரும்ப நம் வாளியிலேயே போட்டால் எப்படி இருக்கும்? ரேடியோ பரிமாறுவதை ஆன்டெனா எவ்வளவு திருப்பி அனுப்புகிறது என்பதை இந்த ஊசி காட்டும். 1 என்றால் எல்லாவற்றையும் சாப்பிட்டுவிட்டது. 2 என்றால் நூற்றில் 11 பங்கு திரும்புகிறது. 3 என்றால் 25. அதற்கு மேல் போனால் ரேடியோ தானே பயந்து சத்தத்தைக் குறைத்துக்கொள்ளும்.

முதல் அளவில் ஊசி 3-ஐத் தாண்டியது. காரணம் எளிது: அந்த 468 கணக்கு வெறும் கம்பிக்கு. நான் கட்டியது வீட்டு ஒயரிங்குக்கு வாங்கி மிஞ்சிய, பிளாஸ்டிக் உறை போட்ட ஒயர். உறை இருந்தால் நீளம் சற்றுக் குறைய வேண்டும்; தலைகீழ் வி-க்கு இன்னும் சற்று. ஆகவே இரு பக்கமும் ஓர் அடி வெட்டினேன். ஊசி 1.5-க்கு வந்து நின்றது.

அங்கே இறங்கி வந்து சாப்பிட்டிருக்க வேண்டும். 1.5 என்றால் திரும்புவது நூற்றில் 4 பங்கு. என் 50 வாட்டில் 2 வாட். எங்கள் பூஜை அறையில் பழங்காலத்து ஜீரோ வாட் பல்பு ஒன்று எரிகிறது. பேரில்தான் ஜீரோ, 12, 15 வாட் தின்னும். அந்த ஜீரோவில் ஆறில் ஒரு பங்குக்காக நான் சித்திரை வெயிலில் நான்கு ஞாயிற்றுக்கிழமைகள் மாடியில் நின்றேன்.

ஒரு முறை வெட்டியதில் நன்மை வந்தது அல்லவா, வெட்டுவதே நன்மை என்று எடுத்துக்கொண்டுவிட்டேன். இன்னும் இரண்டிரண்டு அடி வெட்டினேன். இந்த அலைவரிசையில் மொத்த நீளத்தில் ஓர் அடி குறைந்தால் ஒத்ததிர்வு 100 கிலோஹெர்ட்ஸ் மேலே ஏறிவிடும். நமக்கு இங்கே அனுமதித்திருப்பதோ 7.0 முதல் 7.2 வரை, மொத்தமே 200. நான் வெட்டியது நான்கு அடி. ஆன்டெனா இந்திய எல்லையைத் தாண்டிப் போய்விட்டது. ஊசி மறுபடி 3. சரி, இன்னும் நீளம் போலிருக்கிறது என்று இடது பக்கம் ஒரு முழம் எடுத்தேன். இடது குறைந்துபோனதால் வலதிலும் ஒரு முழம். குரங்கு அப்பம் பங்கிட்ட கதைதான், ஒரு வித்தியாசம்: இங்கே குரங்குக்கும் அப்பம் கிடைக்கவில்லை.

விதி இதுதான். அலைவரிசையின் கீழ்க்கோடியில் ஒரு தடவை, மேல்கோடியில் ஒரு தடவை அளக்க வேண்டும். கீழே ஊசி குறைவாக இருந்தால் கம்பி நீளம், வெட்டலாம். மேலே குறைவாக இருந்தால் கம்பி குட்டை, கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட வேண்டும். இதைத் தேர்வில் எழுதி மார்க்கும் வாங்கியிருக்கிறேன்.

மனைவி வடகம் காயவைக்க மாடிக்கு வந்தவள், தரையில் சிதறிக் கிடந்த ஒயர்த் துண்டுகளைப் பார்த்தாள். "ஏங்க, வெட்டினது பத்தலைன்னா என்ன பண்ணுவீங்க?" என்றாள். பதில் சொல்லவில்லை. "டெய்லர்கூட உள்ள ரெண்டு விரக்கடை துணி விட்டுத்தாங்க தைப்பார். நாளைக்கு உடம்பு போட்டா பிரிச்சு விடணும்ல?" என்று சொல்லிவிட்டு வடகத்தைப் பிழியப் போய்விட்டாள். பிறகுதான் படித்தேன்: அனுபவசாலிகள் கம்பியை வெட்டவே மாட்டார்களாம். நுனியை மடித்துக் கம்பியோடு சேர்த்து முறுக்கிவிடுவார்கள். தேவைப்பட்டால் பிரித்து விடலாம். எங்கள் தெரு டெய்லருக்குத் தெரிந்தது எனக்குத் தெரியாமல் போனதே என்ற வருத்தத்தில் அன்று மாலையே, வெட்டியதை ஒட்டுவதற்குப் பதில், ரிச்சி தெருவுக்குக் கிளம்பினேன். முதல் பத்தியில் சொன்ன மேட்சிங் பாக்ஸ் வந்த கதை அது. பேசி முடித்து, பணம் புரட்டி, வாங்கும்போது ஆடி ஆகிவிட்டது.

ஆன்டெனா டியூனர் என்பது அதன் பெயர். பெயரே பாதிப் பொய். அது ஆன்டெனாவை ஒன்றும் செய்யாது. உள்ளே இரண்டு கண்டென்சர், ஒரு காயில். முன்னால் மூன்று குமிழ். திருகத் திருக ஊசி இறங்கி 1-இல் போய் உட்காரும். பார்க்கக் கண்கொள்ளாத காட்சி. ஆனால் நடப்பது என்ன? கல்யாண வீட்டில் சம்பந்திகள் முறைத்துக்கொண்டால் ஒரு மாமா நடுவில் புகுந்து, பெண் வீட்டாரிடம் "அவங்க சரின்னுட்டாங்க" என்பார், பிள்ளை வீட்டாரிடமும் அதையே சொல்வார். கல்யாணம் நடந்துவிடும். சண்டை நின்றதா என்றால், இல்லை. மாடிக்கும் கீழுக்கும் போய்வந்துகொண்டிருக்கும். டியூனர் ரேடியோவைச் சமாதானம் செய்து அனுப்பிவிடுகிறது. டியூனருக்கும் ஆன்டெனாவுக்கும் நடுவே கேபிளில் அலைகள் பழையபடி முட்டி மோதிக்கொண்டுதான் இருக்கும். கூடவே நடுவில் நிற்கிற மாமாவும் கொஞ்சம் சூடாவார்.

இதற்கிடையில் அம்மா ஒரு புகார் சொன்னாள். "டேய், நீ அந்த ரூம்ல போய் உக்காந்தா காலிங் பெல் அடிக்குதுடா. கதவைத் தெறந்தா யாரும் இல்ல." வயசு என்று விட்டுவிட்டேன். மறுநாள் இரவு சீரியலில் மருமகள் அழுதுகொண்டிருக்கும்போது ஸ்பீக்கரில் வாத்து கத்துவதுபோல ஒரு குரல் வந்ததாம். அந்த வாத்து நான். டைபோலின் இரண்டு கைகளும் சமம். கேபிளிலோ உள்கம்பியும் வெளிப்பின்னலும் சமமில்லை. நடுவில் பாலுன் என்கிற சாதனம் வைக்காவிட்டால் மின்னோட்டம் கேபிளின் வெளிப்புறம் வழியாகவே இறங்கி வீட்டுக்குள் வந்து, ஆன்டெனா எது, அழைப்பு மணி எது என்று பாராமல் எல்லாவற்றையும் ஒரு கை பார்க்கும். பாலுனுக்குப் பெரிய விலை எல்லாம் இல்லை. ஒரு 4 அங்குல பி.வி.சி. பைப்பில் அதே கேபிளைச் சுமார் 20 அடி சுற்றி உச்சியில் கட்டினால் ஓரளவு போதும். கட்டினேன். மணி நின்றது. "மொட்டைமாடி உச்சியில எதுக்குங்க பாத்ரூம் பைப்?" என்ற கேள்வி மட்டும் தெருவில் ஒரு மாதம் ஓடியது.

எங்கள் பேட்டையில் ஒரு பெரியவர் இருக்கிறார். கப்பலில் வயர்லெஸ் ஆபீசராக இருந்து ஓய்வு பெற்றவர். என் பெட்டியைப் பார்த்துவிட்டு, "இது மருந்து இல்ல தம்பி, மாத்திரை. வலி தெரியாது, அவ்வளவுதான். மொதல்ல ஒயரை ஒட்டு" என்றார். வெட்டிய துண்டுகளைத் தேடினேன். மனைவி அவற்றால் அவரைப் பந்தல் கட்டியிருந்தாள். காய்க்கிற கொடியை அவிழ்க்க விடமாட்டேன் என்றுவிட்டாள். புது ஒயர் வாங்கி ஒட்டுப் போட்டு, இந்தத் தடவை நுனியை மடித்து விட்டு, ஒருவழியாக ஊசியை 1.4-க்குக் கொண்டுவந்தேன். மதுரை, கோவை, கொழும்பு எல்லாம் கேட்டது. அவர்களுக்கும் நான் கேட்டேன்.

அப்போது ஐப்பசி பிறந்தது.

ஐந்து நாள் விடாத மழை. ஆறாம் நாள் ரேடியோவைப் போட்டால் ஊசி 1.2! டியூனர் இல்லாமலே! 7.0-இல் 1.2, 7.1-இல் 1.2, 7.2-இல் 1.2. ஆசையாக 14 மெகாஹெர்ட்ஸுக்குப் போனேன். அங்கேயும் 1.2. இந்தக் கம்பி 14-இல் ஆயிரக்கணக்கான ஓம் காட்டி ஊசியை வலப்பக்கச் சுவரில் மோத வைக்க வேண்டியது. கொஞ்சமாவது மூளை உள்ளவனுக்கு அங்கே சந்தேகம் வந்திருக்கும். நான் கேசரி செய்யச் சொன்னேன்.

இன்னோர் அதிசயமும் நடந்தது. எங்கள் தெருவின் எல்.இ.டி. பல்புகளும் இன்வெர்ட்டர்களும் சேர்ந்து எழுப்பும் கொர்ர் சத்தம் பாதிக்கு மேல் அடங்கிவிட்டது. மழையில் காற்று கழுவப்பட்டுவிட்டது என்று ஒரு கொள்கையை உருவாக்கி நாலு பேரிடம் சொன்னேன்.

ஆனால் பேசினால் பதில் இல்லை. எல்லாரும் எனக்குக் கேட்டார்கள். நான்தான் யாருக்கும் சரியாகக் கேட்கவில்லை. "யாரோ ஒரு வியூ3 கூப்பிடறார், ரொம்ப வீக், அப்புறம் வாங்க ஓல்ட் மேன்" என்பதுதான் அதிகபட்ச மரியாதை. ஒரு வாரம் சகித்துக்கொண்டேன். பிறகு சூரியனைப் பிடித்துக்கொண்டேன். சூரியனில் 11 வருடத்துக்கு ஒருமுறை புள்ளிகள் கூடிக் குறையும், அதற்கேற்ப அலைகள் தெறிக்கும் மேல்வளிமண்டலமும் மாறும் என்பது உண்மைதான். "சூரியன் சரியில்லைம்மா" என்றேன். அம்மா அதை வேறுவிதமாக எடுத்துக்கொண்டு ஞாயிறன்று கோதுமையும் செந்தாமரையும் வாங்கி வந்து நவக்கிரகம் சுற்ற அழைத்துப் போனாள். போனேன். ஊசிதான் 1.2 காட்டுகிறதே, பிறகு குற்றம் என் பக்கம் எப்படி இருக்கும்?

மனைவி ஒருநாள், "யாருக்கும் கேக்கலைன்னா எதுக்குங்க ராத்திரி பன்னெண்டு மணி வரை கத்தறீங்க?" என்றாள். விட்டேனா? 2004 சுனாமியை எடுத்தேன். அப்போது பாரதி பிரசாத் என்ற பெண்மணியும் அவருடைய குழுவினரும் அமெச்சூர் ரேடியோ வேலையாகப் போர்ட் பிளேரில் இருந்தார்கள். தீவுகளில் தொலைபேசி செத்துப்போனபோது அவர்கள் வைத்திருந்த ரேடியோ வழியாகத்தான் எத்தனையோ குடும்பங்களுக்குச் சேதி போயிற்று. ஊர்ப்பட்ட டவர் எல்லாம் சாய்ந்தாலும் ஒரு கம்பியும் ஒரு பேட்டரியும் போதும் என்று, கொஞ்சம் குரல் தழுதழுக்கவே சொல்லி முடித்தேன். அவள் மரியாதையாகக் கேட்டுவிட்டு, "அவங்க பேசினது மத்தவங்களுக்குக் கேட்டுதுல்ல?" என்றாள்.

மறுநாள் காலை பெரியவர் வீட்டுக்குப் போனேன். எல்லா அலைவரிசையிலும் 1.2 என்று கேட்டதும் அவர் காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டார். என்னோடு வந்து, பைப்பைச் சாய்க்கச் சொல்லி, உச்சியில் கேபிளை ஆன்டெனாவிலிருந்து கழற்றச் சொன்னார். கழற்றினேன். "இப்பக் கீழ போய் அளந்துட்டு வா."

போய் அளந்தேன். 1.2.

"ஆன்டெனா இருந்தாலும் 1.2, இல்லைன்னாலும் 1.2. அப்ப ஒன் பொட்டி எதைத் தம்பி அளக்குது?" என்றார்.

உச்சி முனையில் நான் டேப்பை மேலிருந்து கீழாகச் சுற்றியிருந்தேன். மழை நீர் அந்த மடிப்புகளுக்குள் இறங்கி, விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதுபோல, பின்னலின் வழியே கேபிள் முழுக்கப் பரவியிருந்தது. கத்தியால் நடுவில் கீறினோம். பளபளவென்று இருக்கவேண்டிய செப்புப் பின்னல் கறுத்து, அங்கங்கே பச்சை பிடித்து, சொட்டு நீர் வடிந்தது. ரேடியோ அனுப்புவதைக் கேபிளே தின்றுவிட்டது. மேலே போய்ப் பட்டுத் திரும்புகிற கொஞ்சத்தையும் வரும் வழியில் தின்றுவிட்டது. திரும்பி வருவது ஒன்றுமில்லையென்றால் ஊசி என்ன செய்யும் பாவம், எல்லாம் சுபம் என்று காட்டியது. பெரியவர் அங்கேயே விரல் விட்டுக் கணக்குப் போட்டார். மேல்முனை திறந்திருக்கும்போது 1.2 என்றால் ஒரு வழிப் பயணத்தில் பத்தில் ஒன்பது பங்கு காலி. 50 வாட்டில் வானத்துக்குப் போனது 5. மற்ற 45 வாட்டில் என் கேபிள் ஒன்றரை மாதம் குளிர் காய்ந்தது. தெருவின் இரைச்சல் குறைந்ததும் அதனால்தான். உள்ளே வருகிற சத்தத்துக்கும் அதே பத்தில் ஒன்று.

வேண்டுமென்றே 5 வாட்டில் கண்டம் விட்டுக் கண்டம் பேசுகிற சூரர்கள் இந்த உலகத்தில் உண்டு. அதற்கு விருதெல்லாம் தருகிறார்கள். விண்ணப்பிக்கலாமா என்று பெரியவரிடம் கேட்டேன். அவர் ஒன்றும் சொல்லாமல் காபி குடிக்கப் போய்விட்டார்.

புதுக் கேபிள் போட்டாயிற்று. ஊசி இப்போது 1.6 காட்டுகிறது. நாள்தோறும் மாடிக்கொடியில் ஈரப் புடவை காயும்போது 1.7. நான் அதைத் தொடுவதாக இல்லை. கேபிள் மாற்றிய அன்று இரவே மதுரைக்காரர் ஒருவர் "ஐந்துக்கு ஐந்து, ஒன்பதுக்கு ஒன்பது" என்று என் சத்தத்துக்கு மார்க் போட்டார். நாற்பது நிமிடம் பேசினோம். கதவருகே நின்று கேட்ட மனைவி, "அவ்வளவு நேரம் என்னதாங்க பேசினீங்க?" என்றாள். அவருடைய ஆன்டெனாவைப் பற்றி இருபது நிமிடம், என்னுடையதைப் பற்றி இருபது நிமிடம்.

மாடியில் கேபிள் கட்டுகிறவர்களுக்கு, அது டி.வி. டிஷ்ஷாகவே இருக்கட்டும், ஒரு விண்ணப்பம். இணைப்பின் மேல் டேப்பைக் கீழிருந்து மேலாகச் சுற்றுங்கள். ஓடு வேய்வதுபோல மேல் சுற்று கீழ்ச் சுற்றின்மீது ஏறி நிற்க வேண்டும். சுவருக்குள் நுழையுமுன் கேபிளைக் கொஞ்சம் தொங்கவிட்டு வளையுங்கள், தண்ணீர் அங்கேயே சொட்டிவிடும். ஐப்பசிக்கு முன்பே செய்யுங்கள். ரேடியோவைச் சோதிக்க டம்மி லோடு வேண்டும் என்பவர்கள் என்னிடம் வரலாம். 70 அடி ஈரக் கேபிள் ஸ்டோர் ரூமில் இருக்கிறது. எந்த அலைவரிசைக்கும் 1.2 உத்தரவாதம்.